பழைய மசில் காரின் என்ஜின் மவுண்ட்: அறுந்துபோகும் முன் செய்ய வேண்டியவை

டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்ட் சாலையில் யு-டர்ன் எடுத்து முடித்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்தேன். பானெட்டுக்கு அடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். காலை எடுத்த பிறகும் வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போனது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து, கல்லாக இறுகிவிட்ட பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து ஓரத்தில் நிறுத்துவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பானெட்டைத் திறந்தால் என்ஜின் ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

என் வண்டி 1967 செவர்லே கமாரோ. அறுந்தது ஓட்டுநர் பக்கத்து (அமெரிக்க வண்டிகளில் இடது பக்கம்) என்ஜின் மவுண்ட். என்ஜினை வண்டியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும், இருபது, இருபத்தைந்து டாலர் பெறும் ரப்பரும் இரும்பும் சேர்ந்த துண்டு அது. அதை மாற்ற எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் தவறான பொருளை வாங்கி, திருப்பி அனுப்பி, மறுபடி தவறாக வாங்கியதில் போனது. அமெரிக்காவில் இப்படியொரு பழைய வி-8 (எட்டு சிலிண்டர்) மசில் காரைப் புதிதாக வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கமாரோவை வைத்துத்தான் சொல்கிறேன். மஸ்டாங், டாட்ஜ், பிளிமத் வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு நிமிடம், எது ஏன் அறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இந்த என்ஜின்களின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கடிகார முள் திசையில் சுற்றுகிறது. நீங்கள் வேகமெடுக்கும்போது என்ஜினின் உடல் அதற்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதாவது ஓட்டுநர் பக்கம் மேலே எழும், பயணி பக்கம் கீழே அழுந்தும். ரப்பர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுவையை அவ்வளவு தாங்காது. ஆகவே இரும்புத் தகட்டில் ஒட்டிய ரப்பர் முதலில் பிரிவது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்தில்தான். பிரிந்ததும் என்ஜின் எழுகிறது. பெடலுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே கேபிளுக்குப் பதில் விறைப்பான கம்பி உள்ள வண்டிகளில், எழும் என்ஜின் தன் ஆக்ஸிலரேட்டரைத் தானே இழுத்துத் திறந்துகொள்கிறது. திறந்தால் இன்னும் எழுகிறது. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாயும் அந்த இழுப்பில் கழன்றால் என் கதைதான்.

## 1. அறுந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். என்ஜினை அணைத்து, சூடு ஆறிய பிறகு டார்ச் விளக்கோடு தொடங்குங்கள். தேட வேண்டிய தடயங்கள் இவை:

- ஃபேன் இறக்கையின் நுனி ரேடியேட்டர் உறையில் உரசிய அரைவட்டக் கீறல்
- ஏர் கிளீனரின் நட்டு பானெட்டின் உட்பக்கத்தில் இடித்த புதிய தழும்பு
- ஓட்டுநர் பக்க மவுண்டின் ரப்பர் ஈரமாக, உப்பலாக, கைபட்டால் கறுப்பு ஒட்டும்படி இருப்பது
- நியூட்ரலிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றும்போது அடியில் கேட்கும் முட்டல்

இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் இடது, வலது. நான் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு பார்த்து, ஒரு மாலை முழுக்க நல்ல மவுண்டையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது நெம்பிப் பார்ப்பது. ஒரு நீளமான நெம்புகோலை மவுண்டுக்கும் அதன் கீழுள்ள இரும்புத் தாங்கிக்கும் இடையே கொடுத்து மெல்ல நெம்புங்கள். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே வாய் பிளந்தால் முடிவு தெரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்க்காதீர்கள்.

அதிலும் சந்தேகம் தீராவிட்டால், ஆட்டோமேடிக் கியர் வண்டியில் மட்டும் இதைச் செய்யலாம். நான்கு சக்கரத்துக்கும் அண்டக் கொடுத்து, கைப் பிரேக்கைப் போட்டு, நம்பிக்கையான ஒருவரை உள்ளே உட்காரவைத்து, கால் பிரேக்கை முழுவதும் மிதிக்கச் சொல்லுங்கள். டிரைவில் போட்டு ஆக்ஸிலரேட்டரை இம்மியளவு தொட்டால் போதும். நல்ல மவுண்டில் என்ஜின் சற்றே தலையசைக்கும். அறுந்திருந்தால் ஓர் அங்குலம், அதற்கு மேலும் எழுந்து, விட்டதும் தொப்பென்று விழும். ரிவர்ஸில் போட்டால் விசை திசை மாறி, பயணி பக்கத்து மவுண்டின் குட்டு வெளிப்படும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் முன்சக்கரத்துக்குப் பக்கவாட்டில். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. எதிரே சுவர் இல்லாத இடமாகவும் இருக்கட்டும்.

ஒன்று அறுந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்குக் கீழுள்ள மூன்றாவது மவுண்டையும் அதே நாளில் பாருங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## 2. பொருள் வாங்கும் முன் ‘ஆவணங்களை’ச் சேகரியுங்கள்

என் நான்கு வாரம் இங்கேதான் தொலைந்தது. ‘1967 கமாரோ, வி-8’ என்று கடைக்காரரிடம் சொன்னால் அவர் ஒரு மவுண்டைத் தருவார். அது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் பலர் கைமாறிய வண்டி, பிறந்தபடியே இருக்காது.

வண்டி அடையாள எண். 1967 கமாரோவில் இது ஓட்டுநர் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் தகடாக இருக்கும். 1968 முதல் முன்கண்ணாடி வழியே தெரியும்படி டாஷ்போர்டின் மேல் வந்துவிட்டது. என்னுடையது 124377 என்று தொடங்குகிறது: 1 என்றால் செவர்லே, 24 என்றால் வி-8 (23 என்றால் ஆறு சிலிண்டர்), 37 என்றால் கூபே (இரு கதவு, நிலையான கூரை), அடுத்த 7 ஆண்டு. அதன் பின் வரும் எழுத்து தொழிற்சாலை. ஆங்கில ‘என்’ ஒஹாயோவின் நார்வுட், ‘எல்’ லாஸ் ஏஞ்சலஸ். கவனியுங்கள்: வி-8 என்று மட்டும்தான் இந்த எண் சொல்கிறது. எந்த வி-8 என்று சொல்லாது.

என்ஜினில் உள்ள எண்கள். செவர்லே வி-8களில் வார்ப்பு எண், ஓட்டுநர் பக்க சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் இணையும் விளிம்பில் புடைத்திருக்கும். கந்தலும் டீஸலும் கொண்டு தேய்த்தால்தான் தெரியும். பயணி பக்க ஹெட்டின் முன்னால் ஒரு சிறு சமதளத்தில் தேதியும் குறியீடும் குத்தப்பட்டிருக்கும். என் வண்டியை விற்றவர் ‘பிறந்ததிலிருந்து இதே 327’ என்றார் (இந்த எண்கள் கன அங்குலத்தில் என்ஜினின் கொள்ளளவு). எண்ணைத் தேடிப் பார்த்ததில் அது 1970களின் 350. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

தாங்கியின் அளவு. மிக முக்கியமானது இது. செவர்லேயின் ஸ்மால் பிளாக் (327, 350 அடங்கிய சிறிய வி-8 குடும்பம்) என்ஜின்களில் மவுண்டைப் பிடிக்கும் மூன்று போல்ட் துளைகள் ஒரே மாதிரிதான். 327, 350 என்பதெல்லாம் அங்கே சிக்கல் தராது. குழப்புவது கீழே சப்ஃப்ரேமில் (வண்டியின் முன்பகுதி இரும்புச் சட்டத்தில்) இருக்கும் இரும்புத் தாங்கி. முதல் தலைமுறை கமாரோவுக்கு உயரமான ஒடுங்கிய மவுண்ட், குட்டையான அகன்ற மவுண்ட் என இரண்டு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று தாங்கி. என்ஜினை மாற்றியவர் தாங்கியையும் மாற்றியிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும்கூட மாற்றியிருக்கலாம். மாற்றிப் போட்டால் ஒன்று நீள போல்ட் நுழையாது. இல்லை, எப்படியோ நுழைந்து என்ஜின் சாய்ந்து உட்காரும். முதல் முறை நான் வாங்கியது நுழையவில்லை. இரண்டாவது முறை வாங்கியது நுழைந்தது, ஆனால் ஏர் கிளீனர் பானெட்டில் இடித்தது. ஆகவே தாங்கியின் காதுகளுக்கு இடையிலுள்ள அகலத்தையும், மவுண்டின் உயரத்தையும் வெர்னியர் காலிபரால் அளந்து, இரண்டு பக்கமும் படமெடுத்து, அதைக் கடைக்கு அனுப்புங்கள். ஆண்டையும் மாடலையும் மட்டும் அனுப்பாதீர்கள்.

செவர்லேயில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மவுண்ட் என்பது ஒரு வசதி. டாட்ஜ், பிளிமத் ஸ்மால் பிளாக் வண்டிகளில் இடமும் வலமும் வேறு. அதோடு 318, 340 என்ஜின்களுக்கு உள்ள காது அமைப்பு 360க்கு இல்லை. 360 மாட்டப்பட்ட வண்டியில் பழைய பட்டியலைப் பார்த்து வாங்கினால் பொருந்தாது. மஸ்டாங்கில் 1965க்கும் 1966க்கும் இடையிலேயே மவுண்டும் தாங்கியும் மாறுகின்றன.

தொழிற்சாலை சர்வீஸ் கையேடு. உங்கள் ஆண்டுக்கான சேஸிஸ் கையேட்டின் மறுபதிப்பு கிடைக்கிறது. எனக்கு 40 டாலருக்கு அருகில் ஆனது. போல்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவுக்காகவே இது தேவை. இணையத்தில் யாரோ எழுதிய அளவை நம்பி என்ஜின் பிளாக்கின் மரையை உரித்துவிட்டால் அதற்கு மவுண்டைப் போலப் பல மடங்கு செலவு.

திரும்பப்பெறும் அறிவிப்பு. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே கோளாறுக்காக சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோக்களும் அதில் அடக்கம். அப்போது செய்த பரிகாரம் புது மவுண்ட் அல்ல. என்ஜின் மேலெழாமல் பிடிக்க ஓர் இரும்பு வடம். உங்கள் வண்டியில் ஓட்டுநர் பக்கம் அப்படியொரு வடம் தொங்கினால் அது அந்தக் காலத்து வேலை, பிய்த்துப்போட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அது 1981 மாடல் ஆண்டு முதல் வந்த 17 இலக்க எண்ணைக் கேட்கும், நம்முடையது 13. இலவசமாகச் செய்துதரும் கடமையும் இவ்வளவு பழைய வண்டிக்கு நிறுவனத்துக்கு இல்லை. செலவு நம்முடையது.

## 3. எந்த மவுண்ட்?

கடைகளில் மூன்று வகை கிடைக்கும்: ரப்பர், பாலியூரித்தேன், முழு இரும்பு. நான்காவதாகத் தரகர்கள் ஒன்றை விற்பார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘இது இன்டர்லாக் வகையா?’ அதாவது மேல் தகடும் கீழ்த் தகடும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் சற்று ஆடும், அவ்வளவுதான். பழைய மாதிரியில் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிப்பது ரப்பரின் ஒட்டு மட்டுமே. ‘அசல் போலவே’ என்று விளம்பரம் செய்யும் சில மறுதயாரிப்புகள் அந்தப் பழைய குறையையும் அசல் போலவே கொண்டிருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் தகடு மடிந்து மற்றொன்றைச் சுற்றியிருக்கிறதா என்று தெரியும்.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு என் தேர்வு இன்டர்லாக் ரப்பர். பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது, அதிகம் முறுக்காது. ஆனால் வண்டி நின்றிருக்கும்போது ஸ்டியரிங், கண்ணாடி, இருக்கை எல்லாம் நடுங்கும். அதிகக் குதிரைத்திறன் ஏற்றிய என்ஜினென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு இரும்பு பந்தயத் தடத்துக்கு. வீட்டிலிருந்து ஐஸ்கிரீம் கடைவரை போகிறவர்களுக்கு அது தண்டனை.

கலந்து போடும்போது ஒரு பொறி இருக்கிறது. என்ஜினுக்கு ரப்பர் போட்டுவிட்டு கியர்பாக்ஸுக்கு மட்டும் முழு இரும்பு மவுண்ட் போட்டால், என்ஜின் முறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கியர்பாக்ஸின் பின் உறையில் போய் நிற்கும். அலுமினிய உறை ஒரு நாள் விரிசல் விடும். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைவிட விறைப்பாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நான்காவது வகை. ‘தொழிற்சாலைப் பெட்டியே பிரிக்காத அசல் பழைய சரக்கு’ என்று இரட்டை விலைக்கு விற்பார்கள். கண்ணாடி விளிம்பு, பெயர்ப் பட்டயம் போன்றவற்றுக்கு அது சரி. ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும். 1967இல் செய்த ரப்பரை இன்று மாட்டுவது, அறுந்ததைக் கழற்றிவிட்டு அறுபடப்போவதை மாட்டுவது. கண்காட்சி நடுவருக்காக வேண்டுமானால் வாங்கி, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் பக்கத்தில் என்ஜினிலிருந்து சேஸிஸுக்குச் சங்கிலியோ வடமோ கட்டும் பழக்கம் இன்றும் உண்டு. நல்ல மவுண்டுக்கு மேல் இரண்டாவது காவலாக அது தவறில்லை. சற்றுத் தொய்வாகக் கட்ட வேண்டும்; விறைப்பாகக் கட்டினால் நடுக்கம் முழுவதும் உடலுக்கு வரும். அறுந்த மவுண்டை வைத்துக்கொண்டு சங்கிலியை நம்பி ஓட்டுவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

## 4. செலவு, காலம்

நான் கொடுத்த விலைகள் இவை. உங்கள் ஊரில் சற்று மாறலாம்.

- இன்டர்லாக் ரப்பர் மவுண்ட் இரண்டு: 44 டாலர்
- கியர்பாக்ஸ் மவுண்ட்: 18 டாலர்
- போல்ட், நட், வாஷர் தொகுப்பு: 14 டாலர்
- வால்வு கவர் கேஸ்கட்: 25 டாலர்
- என்ஜினிலிருந்து உடலுக்கான எர்த் பட்டை: 9 டாலர்
- என்ஜினை மேலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பி: 90 டாலர்

மொத்தம் 200. இதில் வராத கணக்கு ஒன்று: தவறாக வாங்கிய இரண்டு முறையும் அனுப்பும் செலவு, திருப்பும் செலவு, அதற்கு மேல் 15 சதவீதம் பிடித்தம் என்று 70 டாலருக்கு மேல் போனது. மாட்டிப் பார்த்துக் கீறல் விழுந்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பையைப் பிரிக்கும் முன்பே அளந்துவிடுங்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது பொருளுக்கு மட்டும். மறுபடி கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில்தான்.

பட்டறையில் விட்டால் எனக்குச் சொன்ன தொகை 480இலிருந்து 750 டாலர்வரை இருந்தது. அசலுக்குப் பதில் ஹெடர் எனப்படும் எக்ஸாஸ்ட் குழாய்கள் மாட்டியிருந்தால் இன்னும் கூடும். நீள போல்டை எட்டவே அவற்றைத் தளர்த்த வேண்டிவரும். கேட்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மவுண்டை யார் வாங்குவது, தவறாக வந்தால் வண்டி நிற்கும் நாளுக்குக் கட்டணம் உண்டா, கியர்பாக்ஸ் மவுண்டும் இதில் சேர்ந்ததா. எழுத்தில் வாங்குங்கள்.

நேரம்: வீட்டில் தனியாக, முதல் முறை செய்பவருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க. லிஃப்ட் உள்ள பட்டறையில் இரண்டு, மூன்று மணி நேரம்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். மிச்சிகனில் சாலையில் உப்பு கொட்டும் மாதங்களில் இந்த வண்டிகள் எப்படியும் கூரைக்கு அடியில்தான். ஜனவரியில் அளந்து, பிப்ரவரியில் வாங்கி, மார்ச்சில் மாட்டினால் நிதானமாக முடியும். ஏப்ரலில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி நினைவு வரும். வுட்வர்டில் ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு முந்தைய வாரங்களில் பட்டறைகளில் நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

## 5. மாற்றும் முன், எண்ணெய்க் கசிவை நிறுத்துங்கள்

இதைத் தனித் தலைப்பாகவே போடுகிறேன். மவுண்டுக்கு எமன் வயது மட்டுமல்ல, மேலிருந்து சொட்டும் எண்ணெய். ஓட்டுநர் பக்க வால்வு கவர் கசிந்தால் அது நேராக மவுண்டின் தலையில் வடியும். பவர் ஸ்டியரிங் பம்பு கசிவும் அந்தப் பக்கம்தான். எண்ணெய் குடித்த ரப்பர் ஊறிப் பஞ்சாகும். மேலே எக்ஸாஸ்ட் சூடு வேறு. கசிவை விட்டுவிட்டுப் புது மவுண்ட் போட்டால் சில ஆண்டுகளில் இதே பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருப்பீர்கள். கேஸ்கட்டை மாற்றி, அந்த இடத்தைக் கழுவி, ஒரு வாரம் விட்டு, உலர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

## 6. மாற்றும் வேலை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு, என்ஜினை உயர்த்தும்போது எதெல்லாம் இழுபடும், எதெல்லாம் இடிக்கும் என்று ஒரு சுற்றுப் பாருங்கள். செவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றி வைக்காவிட்டால் உடையும். ஃபேன் உறையை அவிழ்த்துப் பின்தள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மேல் குழாய், ஹீட்டர் குழாய்கள், பெட்ரோல் குழாய், எர்த் பட்டை ஆகியவற்றில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் மவுண்டின் நட்டுகளைத் தளர்த்துங்கள். முழுவதும் எடுக்க வேண்டாம். கிளட்ச் உள்ள வண்டியில் என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாலம்போல் நிற்கும் கிளட்ச் தண்டு பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜினைத் தாங்குவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ஆயில் பேனுக்கு அடியில் ஜாக்கியை வைப்பது. பேன் மெல்லிய தகடு. அது உள்ளே ஒடுங்கினால், அடியில் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபடும். பிறகு மவுண்டுக்குப் பதில் என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். மேலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பியை வாங்கியதற்கு நான் ஒரு நாளும் வருந்தவில்லை. அது கிடைக்காவிட்டால் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும்.

எடை கம்பியில் ஏறியதும் இரண்டு பக்கத்து நீள போல்டுகளையும் உருவுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருந்தது என்று படமெடுத்துக்கொள்ளுங்கள்; மாற்றி நுழைத்தால் சில வண்டிகளில் நுனி எக்ஸாஸ்டில் உரசும். பழைய போல்டுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டிருந்தால் வேலை சுலபம். மெல்ல, மெல்ல உயர்த்துங்கள். மவுண்ட் வெளியே வர வேண்டிய அளவு போதும். உயர்த்தியதும் என்ஜினுக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே கெட்டியான மரக்கட்டையை அண்டக் கொடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம். பிளாக்கில் போகும் மூன்று போல்டுகளையும் முதலில் கையால் திருகி, மரை ஓடுகிறது என்று உறுதியான பிறகு இறுக்குங்கள். அவை 3/8 அங்குல போல்டுகள். நீளம் அதிகமான போல்டைப் போட்டால் துளையின் அடியில் முட்டி நிற்கும், இறுகியதுபோல் ஏமாற்றும்.

இறக்கும்போது அவசரப்படாதீர்கள். இரண்டு நீள போல்டுகளையும் நுழைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, என்ஜினை முழு எடையோடு உட்காரவிடுங்கள். பக்கவாட்டில் ஓரிரு முறை அசைத்தால் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகே எல்லாவற்றையும் கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்க வேண்டும். கடைசியாகக் கியர்பாக்ஸ் மவுண்ட். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிய நிலையில் வாழும்.

எர்த் பட்டையை மறக்காதீர்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கம்பி, கியர் கம்பி என்று கிடைத்த வழியில் போய் அவற்றைச் சுட்டெரிக்கும்.

## 7. முதல் ஓட்டத்துக்கு முன்

என்ஜினை இயக்காமல், பெடலைத் தரைவரை அழுத்தி விடுங்கள். கார்புரேட்டரின் மடல் ‘டக்’ என்று மூட வேண்டும். மவுண்டின் உயரம் சற்று மாறினாலே கம்பியின் நீளத்தைத் திருத்த வேண்டியிருக்கும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள், சில டாலர்தான். அசல் தன்மை முக்கியமில்லை என்பவர்கள் கம்பியை எடுத்துவிட்டு வளையும் கேபிள் தொகுப்புக்கு மாறலாம். என்ஜின் எழுந்தாலும் கேபிள் வளைந்து கொடுக்கும். நான் மாறிவிட்டேன்.

ஃபேனுக்கும் உறைக்கும் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா, எக்ஸாஸ்ட் எங்கும் உடலைத் தொடுகிறதா, பானெட் மெதுவாக மூடும்போது ஏர் கிளீனர் இடிக்கிறதா என்று பாருங்கள். இடிக்கிறதா என்று அறிய ஏர் கிளீனரின் மேல் ஓர் உருண்டை களிமண்ணை வைத்து மூடித் திறந்தால் போதும்; மீதமுள்ள கனம்தான் இடைவெளி.

முதல் 100 மைல் ஓடியதும், என்ஜின் ஆறிய பிறகு எல்லாப் போல்டுகளையும் மறுபடி ரெஞ்சால் சரிபாருங்கள். புது ரப்பர் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். இறுக்கிய பின் ஒவ்வொரு நட்டின் மேலும் பிளாக்கின் மேலும் சேர்த்து ஒரு கோடு வெள்ளைப் பெயிண்ட் இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, வண்டியை வெளியே எடுக்கும் முன், முதல் தலைப்பில் சொன்ன டார்ச் சோதனை பத்து நிமிட வேலை.

ரசீதுகளையும் படங்களையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், வண்டியில் இருப்பது பிறவி என்ஜின் அல்ல என்று தெரியவந்தால் அதையும் நிறுவனத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு தாளில் என்ஜினின் வார்ப்பு எண், தாங்கியின் வகை, அதன் அகலம், மாட்டிய மவுண்டின் எண், தேதி, மைல் கணக்கு ஆகியவற்றை எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். எனக்கு விற்றவர் அப்படியொரு தாள் வைத்திருந்தால் முதல் இரண்டு பார்சல்களும் என் வாசலுக்கு வந்தே இருக்காது.